7 கிலோ: ஆசியப் பயணத்தின் முதல் ஐந்து நாட்கள், மதுரையில்

முதல் நாள்

தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் என் பை 11 கிலோ 300 கிராம் காட்டியது. தங்கச்சியின் பை 9 கிலோ 800. "எந்த ஊருக்குத்தா இம்புட்டு மூட்டை?" என்றார் கடைக்கார அண்ணன். இலங்கை, மலேசியா, தாய்லாந்து, அப்புறம் கையில் காசு மிஞ்சினால் வியட்நாம் என்று சொன்னோம். தராசை ஒருமுறை துடைத்துவிட்டு, "இன்னொருக்கா வை, சரியாப் பாப்போம்" என்றார். மாற்றமில்லை. 11 கிலோ 300.

மலிவு விமானங்களில் கையில் கொண்டுபோக 7 கிலோதான் விடுவார்கள். அதற்கு மேல் போனால் பைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் நாலைந்து விமானம் ஏறப்போகிறோம். ஒவ்வொரு முறையும் பைக்குக் கட்டினால் அந்தப் பணத்தில் ஒரு வாரச் சாப்பாடு போய்விடும்.

கொழும்பு விமானத்துக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளையும் வீட்டில் உட்கார்ந்து கழிக்க வேண்டாம், இன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று முடிவு செய்தோம். இடையில் வீட்டுக்குத் திரும்புவதில்லை. வெளியில்தான் தூங்க வேண்டும். நடை, இல்லாவிட்டால் டவுன் பஸ். இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,000 ரூபாய். வெளிநாட்டில் 2,000 என்று வைத்திருக்கிறோம், சொந்த ஊரில் பாதியில் முடியாவிட்டால் அங்கே முடியவே முடியாது. நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவள், தங்கச்சி நர்சிங் முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்தவள். சேர்த்த பணம் எவ்வளவு என்பது இருவருக்கும் பைசா சுத்தமாகத் தெரியும்.

தராசில் இருந்து நேராகத் திண்ணைக்கு வந்து பையைப் பிரித்தோம். ஜீன்ஸ் இரண்டு வெளியே. டர்க்கி டவல் இரண்டும் வெளியே, அதற்குப் பதில் எங்கள் செல்லூர்த் தறித்துண்டு. பிழிந்து உதறிப் போட்டால் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும், படுக்கும்போது போர்த்திக்கொள்ளலாம், வெயிலில் தலையில் போட்டுக்கொள்ளலாம். அம்மா வைத்திருந்த ஊறுகாய் பாட்டிலை எடுத்து வைக்கும்போதுதான் சங்கடமாக இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிலை உள்ளே கொண்டுபோய்விட்டு, பருப்புப்பொடியை மட்டும் சின்னப் பொட்டலமாக மடித்துக் கொண்டுவந்து பையில் செருகினார். அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். தங்கச்சி எங்கள் இருவர் ஸ்வெட்டரையும் எடுத்துத் திண்ணையில் போட்டாள். மதியம் மறுபடி எடை போட்டபோது 8 கிலோ 900, 8 கிலோ 100.

சாயங்காலம் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தெருக்களில் அறை தேடினோம். இரண்டு லாட்ஜில் ஆதாரைப் பார்த்ததுமே கையை விரித்துவிட்டார்கள். "உள்ளூர் விலாசத்துக்கு ரூம் குடுக்கறதில்லம்மா." ஒரு இடத்தில் இரண்டு பெண்கள் மட்டும் என்றதும் இன்னும் நாலு கேள்வி. சொந்த ஊரில் ஒரு பெண் காசு கொடுத்து ஓர் இரவு தங்க முடியாது என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். மூன்றாவது இடத்தில் ஆதாரை எடுக்காமல் பாஸ்போர்ட்டையும் கொழும்பு டிக்கெட்டையும் மேஜையில் வைத்தோம். வயதான மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிக்கெட்டை வரி வரியாகப் படித்தார். "கண்டிக்குப் போவீங்களா?" என்று கேட்டார். போவோம் என்றோம். சாவியை எடுத்துக் கொடுத்தார். வாடகை 650. இந்தப் பக்கத்துப் பெண்கள் யாராவது இதே போல் கிளம்பினால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் முதலில் காட்டுங்கள்.

ராத்திரி இட்லி சாப்பிடப் போகிற வழியில் மேலமாசி வீதியில் காந்தி தங்கியிருந்த வீட்டைக் கடந்தோம். இப்போது கீழே கதர்க்கடை. 1921 செப்டம்பர் 22 அன்று அந்த வீட்டில் இருந்துதான் சட்டையும் தலைப்பாகையும் இல்லாமல் முழ வேட்டியோடு வெளியே வந்தார். கதர் வாங்கக்கூடக் காசில்லாத மக்களைப் பார்த்து எடுத்த முடிவு. பள்ளியில் படித்த விஷயம்தான். ஆனால் முதுகில் 8 கிலோ 900 தொங்கும்போது அந்த வாசலில் கொஞ்ச நேரம் நிற்கத் தோன்றியது. அறைக்குத் திரும்பியதும் நான் இன்னும் இரண்டு சட்டையை எடுத்து வைத்தேன். மறுநாள் சித்தப்பா வந்து வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டாம் நாள்

காலையில் பெரியார் நிலையத்தில் இருந்து கீழக்குயில்குடி பஸ். 2021-ல் இருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்த நான்கு நாளில் பஸ்ஸுக்கென்று நாங்கள் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. கண்டக்டர் கிழித்துக் கொடுக்கும் ஃப்ரீ டிக்கெட்டை எல்லாம் தங்கச்சி ஒரு கவரில் சேர்த்து வைத்திருக்கிறாள்.

சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில். விடுமுறை நாளில் கூட்டமாக இருக்கும் இடம், அன்று ஆளில்லை. செட்டிப்புடவுக்குப் படி ஏறினோம். குகைக்கு வெளியே பாறையில் உட்கார்ந்த கோலத்தில், சமணர்கள் வணங்கும் பெரிய தீர்த்தங்கரர். உள்ளே குனிந்து போய் நிமிர்ந்தால் மேல்விதானத்து வளைவில் ஒரு வரிசைச் சிற்பம். அதில் ஒன்று, சிங்கத்தின் மேல் அமர்ந்த பெண் கையில் வில்லோடு எதிரே யானை மேல் வருகிறவனைத் தாக்குகிறாள். தங்கச்சி அதைவிட்டு நகரவே இல்லை. கீழே வட்டெழுத்தில் யார் செய்வித்தது என்று வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேலான எழுத்து. அப்புறம் பேச்சிப்பள்ளம், அங்கே சுனை, பாறை நெடுக வரிசையாக எட்டுச் சிற்பங்கள்.

இறங்கும்போதுதான் என் பையின் இடது தோள்வார் அடியோடு பிய்ந்தது. இணையத்தில் வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத பை. ஒரு கையால் அணைத்துக்கொண்டு இறங்கி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். இது இலங்கையில் ஹட்டனிலோ, பாங்காக்கிலோ நடந்திருந்தால் என்று நினைத்ததும் நெஞ்சு படபடத்தது.

பெரியார் நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கிற ஐயா ஒருவர் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். பையை வாங்கி, பிய்ந்த இடத்தை உள்பக்கமாகத் திருப்பி விரலால் தடவிப் பார்த்தார். "பை கிழியலத்தா. தையல்தான் விட்ருக்கு. ஒத்த ஓட்டா ஓட்டி விட்ருக்கான்."

அவர் வேலை செய்ததை அரை மணி நேரம் அசையாமல் பார்த்தோம். முதலில் பழைய நூலை எல்லாம் பிளேடால் ஒவ்வொன்றாக எடுத்தார். வாரின் நுனி பிசிறு பிசிறாக இருந்தது, தீக்குச்சியைக் கொளுத்தி அதன் ஓரத்தில் காட்டினார். நைலான் சுருங்கி ஒரு கறுப்பு விளிம்பாகக் கெட்டியானது. உள்பக்கம் ஒரு தோல் துண்டை நறுக்கி வைத்தார். வெள்ளை நூலை மெழுகுக் கட்டியின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி மூன்று தடவை இழுத்தார். நூல் மஞ்சளாகி விறைத்துக்கொண்டது. பிறகு நுனியில் கொக்கி உள்ள ஊசியைத் துணி, தோல், வார் மூன்றையும் சேர்த்துக் குத்தி, அடியில் இருந்து நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுத்து, அந்தக் கண்ணிக்குள் இன்னொரு நூலை விட்டு இறுக்கினார். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு இறுக்கு. சதுரமாக ஒரு சுற்று, அதன் குறுக்கே பெருக்கல் குறி போல இரண்டு ஓட்டு. இடது வார் முடிந்ததும் நாங்கள் கேட்காமலே வலது வாரைப் பிரிக்க ஆரம்பித்தார். "இது போனா அதுவும் போகும்."

80 ரூபாய் கேட்டார். 100 கொடுத்தோம், மீதி 20-ஐக் கையில் திணித்துவிட்டார். எங்கே போகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மெழுகு பூசின நூலைக் கொஞ்சம் அட்டையில் சுற்றி, ஒரு தடித்த ஊசியும் குத்திக் கொடுத்தார். என் பையில் இப்போது இருக்கிற பொருட்களில் விட்டுவிட முடியாதது எது என்று கேட்டால் அந்த அட்டையைத்தான் சொல்வேன்.

அதே லாட்ஜ், 650. சாப்பாடு 240. தையலோடு சேர்த்து 970. 1,000-க்குள் முடிந்தது.

மூன்றாம் நாள்

மாட்டுத்தாவணியில் இருந்து மாங்குளம் பக்கம் போகும் பஸ். மீனாட்சிபுரத்துக் குன்றை ஊர்க்காரர்கள் ஓவாமலை என்கிறார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வழி காட்டினார். "பையப் போங்கத்தா, பாறை வழுக்கும்."

இந்த மலைக்கு வர வேண்டும் என்று நான் பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே இருக்கிற தமிழி எழுத்துக்களை, அதாவது தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவத்தை, 1882-ல் ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேயர் கண்டார். அவற்றில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் இருப்பதைப் படித்துச் சொன்னவர் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன். ஏறக்குறைய 2,200 வருடத்துக்கு முந்தைய எழுத்து. கணி நந்தாசிரியன் என்ற துறவிக்கு, நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி செய்து கொடுத்த பள்ளி என்கிறது ஒரு கல்வெட்டு. இன்னொன்றில் வெள்ளறை நிகமத்தார் வருகிறார்கள், நிகமம் என்றால் வணிகர் குழு. பள்ளி என்றால் இங்கே படுக்கும் இடம்.

குகைக்குள் நுழைவதற்கு முன் பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பதைப் பார்த்தோம். மேலே பெய்கிற மழை பாறை வழியாக வழிந்து உள்ளே வராமல், அந்தக் காடியில் தடுத்து வெளியே சொட்டிவிடும். உள்ளே படுக்கைகள். தரைப் பாறையையே செதுக்கி, ஒரு ஆள் நீளத்துக்கு, ஒன்றை அடுத்து ஒன்றாக. தலைமாட்டில் மட்டும் தலையணை போலக் கொஞ்சம் உயர்த்தி விட்டிருக்கிறார்கள். உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெளியே வெயில் ஏறிவிட்டிருந்தது, கல் குளிர்ந்து கிடந்தது, வழவழவென்று இருந்தது. பக்கத்துப் பாறையில் சாய்ந்து உட்கார்ந்தோம். மேலூர்ப் பக்கத்து நிலமெல்லாம் கண்ணுக்கு எட்டுகிற வரை கீழே விரிந்தது.

கையில் ஒன்றும் இல்லாமல் நடந்து வருகிறவனுக்கு, அவன் எந்த ஊர் என்று பார்க்காமல், அரசனின் ஆளும் வியாபாரிகளும் சேர்ந்து படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். முந்தாநாள் சாயங்காலம் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினது ஞாபகம் வந்தது. அந்தப் படுக்கைகளில் ஒன்றின் மேல் யாரோ பெயிண்டில் தங்கள் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். பார்க்கத் தாங்கவில்லை. தங்கச்சி தண்ணீர் விட்டுத் துடைக்கப் போனாள். வேண்டாம், தேய்த்தால் கல்லுக்கும் கெடுதல் என்று தடுத்துவிட்டேன்.

அடுத்த ஊர் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம், அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து 193 ஹெக்டேருக்குக் கொஞ்சம் அதிகம். குடைவரைச் சிவன் கோயிலுக்கு மட்டும் போனோம், கையில் தடியோடு இருக்கும் இலகுலீசர் (சிவனின் ஒரு வடிவம்) சிற்பம் இங்கே உண்டு. பாறை உச்சியில் ஒரு வல்லூறு ரொம்ப நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது, எந்த வகை என்று எங்களுக்குத் தெரியவில்லை.

பெரியப்பா வீடு இங்கிருந்து பக்கம்தான். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு இந்த வட்டாரத்தை ஏலம் விட்ட செய்தி 2024 நவம்பரில் வந்தபோது அதை எதிர்த்து முதல் ஆளாகக் கிளம்பியவர்களில் அவரும் ஒருவர். 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்கு நடந்தார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. "கையில ஒரு தண்ணி பாட்டிலு, தோள்ல ஒரு துண்டு. வேற என்ன வேணும் நடக்க?" என்றார் பெரியப்பா, எங்கள் பைகளைத் திண்ணையில் இறக்கி வைத்துக்கொண்டே.

அன்று ராத்திரி மொட்டைமாடியில் பாய் விரித்தோம். அப்பத்தாவுக்கு 78 வயது, முழங்கால் வலி, ஆனாலும் படியேறி வந்துவிட்டார். எங்கள் பயணம் ஏன் இலங்கையில் தொடங்குகிறது என்றால் அவரால்தான். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானது. அந்தக் கணக்கில் ஒருவராக 1973-ல் தாத்தாவோடும் பிள்ளைகளோடும் வந்தார். அப்பாவுக்கு அப்போது இரண்டு வயது.

"விடியக்காலம் தப்பு அடிப்பாக, பெரட்டுக்கு வரச் சொல்லி. லேட்டாப் போனா அன்னைக்குப் பேரு இல்ல" என்று ஆரம்பித்தார். பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுப்பது, பேரு இல்லை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. ஒரு காம்பராவில், அதாவது ஒரே அறையில், எட்டுப் பேர். மழையில் நனைந்துகொண்டே கொழுந்து எடுத்தது. வரும்போது ரயிலில் தலைமன்னார், அங்கே இருந்து கப்பலில் ராமேசுவரம், அப்புறம் மண்டபம் முகாம். என்ன கொண்டுவந்தீர்கள் என்று தங்கச்சி கேட்டாள். "ஒரு தகரப்பெட்டி. ரெண்டு கம்பளி. உங்க அப்பன் இடுப்புல." ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் இருந்தார். "அம்மியை விட்டுட்டு வந்தேன். எங்க ஆத்தா அரைச்ச அம்மி. தூக்க முடியல."

தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்துக்குப் போகிற வழி எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். பாலத்தைத் தாண்டி இடது பக்கம், கோயிலுக்கு மேல் வரிசை. எழுத எழுத அப்பத்தா திருத்திக்கொண்டே இருந்தார். பெயரை இங்கே போடவில்லை, போய்ப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

படுக்கப் போகும்போது, "சுவெட்டரு எடுத்துக்கிட்டீகளா?" என்று கேட்டார். தங்கச்சி என்னைப் பார்த்தாள். எடைக்காக வீட்டில் விட்டுவிட்டோம் என்று சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ராத்திரி அங்கன எலும்புக்குள்ள எறங்கும் குளிரு. உடம்புல போட்டுக்கிட்டுப் போங்கடி. மேல போட்டுக்கிட்டா எவன் எடை பாக்கப் போறான்?"

நான்காம் நாள்

பெரிதாக ஒன்றும் இல்லை. காலை பஸ்ஸில் மதுரை. அப்பா ஸ்வெட்டர் இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தார். மணி எக்ஸ்சேஞ்சில் பாஸ்போர்ட் காட்டிக் கொஞ்சம் டாலர் வாங்கினோம், சின்ன நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள், மாற்றச் சுலபம். இலங்கைக்கான பயண அனுமதியை இணையத்தில் ஏற்கெனவே எடுத்துவிட்டோம். மலேசியாவுக்கு 2023 டிசம்பரில் இருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை, போகுமுன் இணையத்தில் வருகை அட்டை மட்டும் நிரப்ப வேண்டும். எல்லாத் தாளையும் இரண்டு பிரதி எடுத்து ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டோம்.

ராத்திரி பத்து மணிக்குத் தள்ளுவண்டியில் பருத்திப்பால். பருத்திக் கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால், கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், மேலே ஒரு கை தேங்காய்ப்பூ. தொண்டையில் சுக்கு இறங்கும்போது காதுவரை சூடு ஏறும். ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தோம். அடுத்த மூன்று மாதத்துக்கு இது எங்கும் கிடைக்காது.

ஐந்தாம் நாள்

பெருங்குடி வரை டவுன் பஸ், அங்கிருந்து விமான நிலையத்துக்கு ஆட்டோ 100. அம்மா, அப்பா, சித்தி, சித்தப்பா நான்கு பேரும் எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார்கள். அம்மா என் தோள்வாரை இழுத்து இழுத்துப் பார்த்தார். தையல் அசையவில்லை.

இன்னும் கொஞ்சம் எடுத்து வைத்ததில் என் பை 6 கிலோ 900. தங்கச்சியுடையது 6 கிலோ 700. பருப்புப்பொடி உள்ளே இருக்கிறது. ஊசியை வாசலில் அப்பா வாங்கி வைத்துக்கொண்டார், பாதுகாப்புச் சோதனையில் தடுத்துவிட்டால் என்ன செய்வது என்று. நூல் சுற்றின அட்டை இருக்கிறது, ஊசி கொழும்பில் வாங்கிக்கொள்ளலாம். மதுரை வெயிலில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றோம். எங்களைத் திரும்பிப் பார்த்தவர்களிடம் தங்கச்சி, "ஹட்டன் போறோம், அங்க குளிரும்" என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கணக்கு: முதல் நாள் 940, இரண்டாம் நாள் 970, மூன்றாம் நாள் பழம் வாங்கினதோடு 230, நான்காம் நாள் 1,020, இன்று ஆட்டோ 100. மொத்தம் 3,260 ரூபாய். ஃப்ரீ டிக்கெட் 18.

பெரியப்பா போனில் அப்பத்தாவிடம் பேசினோம். கோயிலுக்கு மேல் வரிசை இல்லை, கோயிலுக்குக் கீழ் வரிசை, ராத்திரி யோசித்துப் பார்த்தேன் என்றார். நோட்டில் அடித்துத் திருத்திவிட்டேன். விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள். கொழும்பில் இறங்கியதும் கோட்டை ரயில் நிலையத்துக்குப் போய் ஹட்டனுக்கு டிக்கெட் கேட்க வேண்டும்.